விட்ட பிடி

பஸ் ஓட்டுகிறவனுக்குப் பேச்செல்லாம் பிடரிப் பக்கமிருந்துதான் வரும். பேசுகிறவனின் முகம் தெரியாது. தலைக்கு மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியில் ஒரு தோள் தெரியும், ஆடுகிற ஒரு கை தெரியும், வெற்றிலை மெல்லும் ஒரு வாய் தெரியும். மீதியைக் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் காதும் கண்ணாடியுமாகச் சேர்த்து வைத்திருக்கும் காட்சி ஒன்று எனக்கு இன்றைக்கும் மாறாமல் இருக்கிறது. அருப்புக்கோட்டையைத் தாண்டி உடைமரங்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டிருக்கிறது. வாத்தியார் சீட்டிலிருந்து பாதி எழுந்து, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பாய் கையில விழுந்த காலு திரும்பிப் போனதா சரித்திரம் உண்டாய்யா?" என்று கேட்கிறார். ஜன்னலோரத்தில் இருந்து பழைய சடுகுடுப் பாட்டுக்காரர் பதில் சொல்கிறார்: "பாய் காலைப் பிடிப்பாரு சார். எங்க கண்டக்டரு ஆளையே பிடிப்பான்." இரண்டு பேருக்கும் நடுவில் கண்டக்டர், இது யாரைப் பற்றிய பேச்சோ என்பது போல, "திருச்சுழி ரெண்டு, சில்லறையா குடுங்க" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார்.

சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் மகள் வீட்டில் மூன்று மாதம் போல இருந்தேன். வெளியே பனி. வீட்டுக்குள் டிவி. அங்கே முட்டை வடிவத்தில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. பந்தை ஒருவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவான், எதிரணிக்காரர்கள் அவன் மேல் பாய்ந்து மண்ணோடு சாய்ப்பார்கள். ஒருநாள் ஆட்டம் எதுவும் காட்டாமல், கோட்டுப் போட்ட நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன சண்டை என்று மருமகனைக் கேட்டேன். "சண்டை இல்ல மாமா. ஓடுறவனைத் தடுக்கிற ஆட்கள் இருக்காங்கல்ல, இதுவரைக்கும் வந்ததுலயே அவங்கள்ல யார் பெரிய ஆளுன்னு பேசுறாங்க. இது முடியவே முடியாது, வருஷம் பூரா ஓடும்" என்றார். நாலு பேரில் ஒருவர் பழைய ஆட்டக்காரராம். விளம்பரம் முடிந்து திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் உட்காருவதைக் காட்டினார்கள். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, ஒரு காலை முன்னால் நீட்டி, பல்லைக் கடித்தபடி மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தார். மற்ற மூவரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் பார்க்க அலுப்பாக இருந்தது. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

எங்கள் பக்கம் அந்த ஆட்டத்துக்குப் பதில் சடுகுடு. இப்போது கபடி என்று டவுசர் பனியன் எல்லாம் போட்டு மெத்தை மேல் ஆடுகிறார்கள். அறுபதுகளில் அது கண்மாய்க்குள் ஆடுகிற ஆட்டம். தண்ணீர் வற்றிய கண்மாயில் கோடு கிழித்துவிட்டால் களம் தயார். எங்கள் சீமையில் கண்மாய் வற்றுவதற்குக் குறைவே கிடையாது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிர்க் களத்துக்குள் போகிறவனைப் பாட்டுக்காரன் என்போம். உள்ளே வந்தவனைப் பாட்டு முடியும்வரை திரும்ப விடாமல் அமுக்குகிறவன் பிடிகாரன். ஊருக்குள் பெயர் எல்லாம் பாட்டுக்காரனுக்குத்தான். அவன் போனான், தொட்டான், வந்தான், புள்ளி வந்துவிட்டது. பிடிகாரனின் வேலை ஒன்றை நடக்கவிடாமல் செய்வது. நடக்காத ஒன்றை எப்படி எண்ணுவது? எங்கள் பஸ்ஸில் நடந்த வாதமெல்லாம் இந்த இடத்தில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கும்.

கண்டக்டர் இளவயதில் இடது மூலைப் பிடிகாரர். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தறியில் உட்கார்ந்து வளர்ந்த தோள் அவருக்கு. நான் அந்த வண்டிக்கு டிரைவராகப் போனபோது ஆட்டத்தை விட்டு நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் எடுத்தால் திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் வரைக்கும் போய்த் திரும்புவோம். வீரசோழனில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் வாரத்துக்கொரு தடவை லோடு போட்டுவிட்டு எங்கள் வண்டியில் வருவார். அவர்தான் வலது மூலையில் பெயர் எடுத்தவர். கண்டக்டரைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர். கரண்டைக் காலை மட்டுமே பிடிப்பார். குனிகிற மாதிரியே தெரியாது, பாடிப் போனவன் மண்ணில் கிடப்பான், யாருக்கும் அடிபட்டிருக்காது என்பார்கள். பாய் வண்டியில் இருக்கும் நாளில் வாதம் ஓய்ந்திருக்கும். அவர் இறங்கியதும் வாத்தியார் ஆரம்பித்துவிடுவார்.

வாத்தியார் திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் எங்கள் வண்டியில் போகிறவர். ஆடியவரில்லை, பார்த்தவர். பார்த்ததை எல்லாம் மறக்காதவர். "பாய் எத்தனை பேரைப் பிடிச்சாருன்னு நான் சொல்லுவேன். கண்டக்டரு எத்தனை பேரைப் பிடிச்சாரு, சொல்லுங்க பாப்போம்" என்பார். அதற்குப் பாட்டுக்காரர், "இவன் நிக்கிற மூலைக்கு எவன் சார் வந்தான், பிடிக்கிறதுக்கு? அந்தப் பக்கமே போகாத, பூட்டு விழுந்துரும்னு சொல்லித்தான சார் எங்களை அனுப்புவாக" என்பார். "வராதவனை எல்லாம் பிடிச்சதா எழுதிக்கிறதா?" "பின்னே? நாய் நிக்கிற வீட்டுக்குத் திருடன் வரலைன்னா நாய் தூங்குச்சுன்னா அர்த்தம்?" வண்டி சிரிக்கும். இன்ஜின் சூடு காலைப் பொசுக்கும், வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து விழும், முன்னால் ரோடு புழுதியாக நடுங்கும். அந்த அலுப்பில் இந்த வாதம் எனக்கும் ஒரு துணையாகத்தான் இருந்தது. கண்டக்டர் மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

பாட்டுக்காரர் பேச்சுக்கு மட்டும் கூடுதல் கனம் உண்டு. அவர் நரிக்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊர், நிலம் வைத்திருந்த சம்சாரி. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்திலேயே நீள மூச்சுக்காரர். அவருடைய வலது முழங்காலை முறித்தது எங்கள் கண்டக்டர்தான். கேட்கிறவர்களுக்கு இது முதலில் விளங்காது. காலை முறித்தவனுக்காக முறிபட்டவனே வாதாடுவானா என்பார்கள். பாட்டுக்காரர் அதைப் பெருமையாகவே சொல்லுவார். பாடிப் போனது, ஒருவரைத் தொட்டது, திரும்பும்போது ஏமாந்து இடது மூலைக்குள் கால் வைத்தது, தொடையிலும் குதிங்காலிலுமாகக் கண்டக்டரின் இரண்டு கையும் பூட்டாக விழுந்தது, தப்பிக்க நடுக்கோட்டை நோக்கித் தான் உடம்பை முறுக்கியது, முட்டிக்குள் ஈர விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கண்டக்டர் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே அவர் சொன்ன ஒரு சொல்லைத்தான் பாட்டுக்காரர் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பூட்டு விழுந்துட்டா பிடிச்சவனாலயே அதை விட முடியாது. கை இறுகிப்போகும். இவன் என்ன செய்வான், நான்தான் என்ன செய்வேன்?"

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் சிநேகிதர்களாக இருந்தார்கள் என்பது எனக்கு வெகு தாமதமாகப் புரிந்தது. ஏர் பிடிக்க முடியாத கால் அது. வரப்பில் நின்று ஆள் வைத்து விவசாயம் பார்த்தார். ஆனால் அந்தக் கால் போனது இதுவரைக்கும் வந்ததிலேயே பெரிய பிடிகாரனின் கையில். அது ஒரு அந்தஸ்து.

எழுபதுகளின் ஆரம்பத்தில் மழை பொய்த்தது. திருச்சுழிப் பக்கம் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. பங்குனியில் ஊர்ப் பொங்கலுக்கு ஆட்டம் வைப்பதென்று பேச்சு வந்தபோது வாத்தியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. இரண்டு பேருமே பிடிகாரர்கள், எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வழியில்லை. ஒரே பாட்டுக்காரனை இரண்டு பேரிடமும் அனுப்பிப் பார்த்தால் என்ன? காரியாபட்டிப் பக்கம் ஒரு பையன் அந்த வருடம் போன இடமெல்லாம் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டி வருவது, முதல் பாதியில் பாய் நிற்கும் அணிக்கு எதிராகப் பாடட்டும், அடுத்த பாதியில் கண்டக்டர் நிற்கும் அணிக்கு எதிராக. பாய் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். "மண்ணுல உருண்டு ரொம்ப நாளாச்சு" என்றாராம். கண்டக்டர் முடியாது என்றுவிட்டார்.

பாட்டுக்காரர் விடவில்லை. நரிக்குடி நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்த நேரம், எனக்குப் பின்னால் இரண்டு பேரும் பேசியது எனக்குக் கேட்டது.

"எனக்காக ஒரு தடவை எறங்குலே."

"முட்டி வீங்கிக் கெடக்குலே. நாப்பது வயசுல என்ன ஆட்டம்?"

"அப்ப பாய்தான் பெரிய ஆளுன்னு ஒத்துக்கிரவா?"

"ஒத்துக்க. எனக்கென்ன?"

பிறகு பாட்டுக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உனக்கு ஒண்ணுமில்லலே. என் காலு யாரோ ஒரு பயகிட்டப் போன காலுன்னு ஆகிப்போகும்."

கண்டக்டர் விசில் ஊதினார். வண்டியை எடுத்தேன். மறுவாரம் அவர் ஆடப்போகிறார் என்று வண்டி முழுக்கப் பேச்சாக இருந்தது.

ஆட்டத்தன்று மத்தியான டிரிப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு நானும் போனேன். கண்மாய்க் கரை தெரியாத அளவுக்குக் கூட்டம். அத்தனை சனமும் மழையில்லாத வருடத்தை மறக்க ஒரு காரணம் தேடி வந்த மாதிரி இருந்தது. காரியாபட்டிப் பையனுக்கு இருபது வயது இருக்கும். கால் நீளம். ஓடுவது நாய்க்குட்டி விளையாடுவது மாதிரி, எந்தப் பக்கம் துள்ளுவான் என்று தெரியாது. முதல் பாதியில் பாயின் மூலைக்கு இரண்டு தடவை போய்த் தப்பினான். அடுத்த தடவை பாய் அசையாமல் நின்று, அவன் தாண்டிப் போய்விட்டான் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், கீழே கிடந்த காசை எடுப்பது போலக் குனிந்தார். பையன் குப்புற விழுந்தான். கரண்டைக் கால் பாயின் கையில் இருந்தது. பாட்டு நின்றதும் பாயே அவனைத் தூக்கி நிறுத்தி உடம்பு மண்ணைத் தட்டிவிட்டார். வாத்தியார் துண்டைச் சுற்றிக்கொண்டு குதித்தார்.

அடுத்த பாதியில் கண்டக்டர் இறங்கினார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, முட்டியில் துணி சுற்றியிருந்தார். பாட்டுக்காரர் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து கம்பை ஊன்றி நின்றுகொண்டார். பையன் முதல் இரண்டு தடவை அந்தப் பக்கமே போகவில்லை. "பாத்தீகளா, பாத்தீகளா" என்று பாட்டுக்காரர் கத்தினார். மூன்றாம் தடவை போனான். கண்டக்டர் பாய்ந்ததை நான் பார்க்கவில்லை, பிடி விழுந்திருந்ததைத்தான் பார்த்தேன். ஒரு கை தொடையில், ஒரு கை குதிங்காலில். பையன் கோட்டைப் பார்த்து உடம்பை முறுக்கினான். கூட்டம் எழுந்துவிட்டது. அப்போது கண்டக்டரின் கைகள் திறந்தன. பையன் தடுமாறிப் போய்க் கோட்டைத் தொட்டான்.

வயசாயிருச்சு என்றார்கள். பிடி வழுக்கிருச்சு என்றார்கள். பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை ஏறினார்கள். அவர் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து கண்டக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பிடி நல்லா விழுந்துச்சே தம்பி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வேர்வை பாய். வழுக்கிருச்சு."

பாய், மண் அப்பியிருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். நான் பாட்டுக்காரரைத் தேடினேன். அவர் நின்ற இடத்தில் கம்பு ஊன்றிய பள்ளம் மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நானாகக் கேட்காமல் கண்டக்டரே சொன்னார். "பய முட்டி திரும்புச்சு டிரைவரண்ணே. சத்தம் வர்றதுக்கு முன்னாடி உள்ளங்கையில ஒரு நெருடல் தெரியும். அதான் விட்டுட்டேன்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"முன்னாடி ஒரு தடவை தெரிஞ்சிருக்குல்ல."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப, அந்தத் தடவையும் விட்டிருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் காலில் ஊற்றிக்கொண்டார். "முடியும்" என்றார். பிறகு, "அவன்கிட்டச் சொல்லிராதீக. ஆஸ்பத்திரியில அவன் மூஞ்சியப் பாத்ததும் வாயில வந்ததைச் சொன்னேன். அதையே பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷமா நடமாடிட்டான்."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் எங்கள் வண்டியில் ஏறாமல் இருந்த பாட்டுக்காரர், ஒருநாள் காலை டிரிப்பில் ஏறினார். உட்காரவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் டிக்கெட் கட்டோடு பக்கத்தில் வந்தார்.

"ஏலே, அந்தப் பயலை நீயாத்தான விட்ட?"

"வழுக்கிருச்சுலே."

"உன் கை எனக்குத் தெரியாதா? அஞ்சு விரலும் இன்னும் என் தொடையில இருக்குலே. அது வழுக்குற கையில்ல. நீயா விட்ட."

கண்டக்டர் குனிந்து சில்லறைப் பையைச் சரிசெய்தார். வண்டியில் கோழிகள் இருந்த கூடைப் பக்கம் மட்டும் ஏதோ சத்தம். மற்றபடி எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப விட முடியும். பூட்டு விழுந்தாலும் விட முடியும். அப்படித்தான?"

"ஆமாலே."

"என்னையும் விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்."

"ஏன் விடல?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கண்டக்டர் நிதானமாகச் சொன்னார்: "கோட்டுக்கு ஒரு சாண்கூட இல்ல. விட்டா நாங்க தோத்துருவோம். நெருடுனது தெரிஞ்சுச்சு. ஜெயிக்கணும்னு இருந்துச்சு. விடல."

"நிப்பாட்டச் சொல்லு" என்றார் பாட்டுக்காரர்.

அது ஊருமில்லை, நிறுத்தமுமில்லை. இரண்டு பக்கமும் உடைமரமும் பொட்டலும்தான். நிறுத்தினேன். அவர் கம்பை முதலில் ஊன்றி, பிறகு காலை இறக்கி, பொட்டலுக்குள் நடக்க ஆரம்பித்தார். அவர் ஊர் அந்தத் திசையில்தான், ஆனால் வெகு தூரம். கண்டக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். விசில் ஊத வேண்டியவர் அவர்தான். ஊதவில்லை. நானும் வண்டியை எடுக்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மரங்களுக்குள் அந்த வெள்ளைத் துண்டு மறைந்த பிறகு வாத்தியார்தான், "போகலாம் டிரைவர்" என்றார்.

அதன்பிறகு எங்கள் வண்டியில் அந்த வாதம் இல்லை. வாத்தியார் பேப்பர் வாங்கிக்கொண்டு ஏறுவார், திருச்சுழி வரும்வரை ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜெயித்த கட்சி அவருடையது. அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பாட்டுக்காரர் வேறு வண்டியில் போனார், அது கிடைக்காத நாளில் லாரியில் போனார் என்று கேள்விப்பட்டோம். கண்டக்டர் இளைத்துவிட்டார். டிப்போவில் வண்டியைப் போட்டபிறகும் வீட்டுக்குப் போகாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பார். தூக்கம் வருவதில்லை என்று அவர் சம்சாரம் ஒருநாள் பாளையம்பட்டியில் என் வீட்டுக்கே வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். "கையை விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருக்காக அக்கா. என்ன கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாக." எனக்குத் தெரிந்ததை நானும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தது.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. பேருக்கு வந்த மழையில்லை, கண்மாய் நிறைந்தது. ஆட்டம் நடந்த இடம் ஆள் உயரத் தண்ணீருக்குள் போய்விட்டது. தை பிறந்து சில நாளில், நரிக்குடி நிறுத்தத்தில் பாட்டுக்காரர் நின்றார். கையை நீட்டி எங்கள் வண்டியைத்தான் நிறுத்தினார். ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"காரியாபட்டிப் பயலுக்குக் கல்யாணம். உனக்கு வச்சானா?"

"வச்சான்" என்றார் கண்டக்டர்.

"எப்படி வந்தான்?"

"எப்படின்னா? சைக்கிள்ல வந்தான்."

"எங்க ஊருக்கு அந்த வண்டிப்பாதை சகதில சைக்கிள் வராது. மெயின் ரோட்டுலயிருந்து நடந்து வந்தான்." பாட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "திரும்பிப் போறப்ப வாய்க்காலு. தாண்டிக் குதிச்சுப் போனான்லே. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்குப் போவமா?" என்று பாட்டுக்காரரே கேட்டார்.

என்னையும் சேர்த்து மூன்று பேரும் போனோம். பாயும் வந்திருந்தார். பந்தியில் சுற்றுவட்டாரத்துப் பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும்? யாரோ ஆரம்பித்தார்கள், இடதா, வலதா, கண்டக்டரா, பாயா என்று. ரெண்டு பேர் பிடிக்கும் சிக்கின ஆளு இவருதான, இவரையே கேப்போம் என்று பாட்டுக்காரரைக் காட்டினார்கள். பாட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்தார். "பாய்தான்" என்றார்.

எத்தனையோ வருடம் அந்த வாதத்தில் வாயே திறக்காத கண்டக்டர், இலையைப் பார்த்தபடி, "ஆமா. பாய்தான்" என்றார்.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பிறகு எங்கள் வண்டிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கண்டக்டரை வேறு ஊர் டிப்போவுக்குப் போட்டார்கள், என்னை வேறு வழித்தடத்தில் போட்டார்கள். அந்த வண்டிப் பேச்சில் இருந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருவன்தான். காலும் முட்டியும் எனக்கும் போய்விட்டன, ஆட்டம் ஆடாமலே. யார் பெரிய ஆள் என்று எவராவது எதைப் பற்றி வாதாடினாலும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் காரியாபட்டியிலிருந்து திரும்பி வந்ததை மட்டும் எத்தனை தடவை நினைத்தாலும் அலுப்பதில்லை.

பயணியாக உட்கார்ந்து பஸ்ஸில் போவது எனக்கும் கண்டக்டருக்கும் பழக்கமில்லாத காரியம். சாயங்கால வெயில். கல்யாணக் கூட்டம் ஏறிய வண்டி, கால் வைக்க இடமில்லை. மூன்று பேர் சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் கண்ணை மூடினார். தலை சாய்ந்து சாய்ந்து, கடைசியில் பாட்டுக்காரரின் தோளில் போய் நின்றது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. பல மாதத்துத் தூக்கம். பாட்டுக்காரரின் அந்தக் கால் ஒரே நிலையில் மடங்கி இருந்தால் கொஞ்ச நேரத்தில் கனன்று வலிக்க ஆரம்பிக்கும், எழுந்து நின்று உதறினால்தான் அடங்கும். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்ததை நான் பார்த்தேன். "எந்திரிச்சு நில்லுங்க, தலையை நான் தாங்கிக்கிறேன்" என்றேன். அவர் உதட்டில் விரல் வைத்தார். "சும்மா இருங்க டிரைவரண்ணே. முழிச்சுக்கிருவான்" என்றார். டிக்கெட் கேட்டு வந்த பையனுக்கும் கையைக் காட்டி, என்னிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை மட்டும் ஆடாமல் வைத்துக்கொண்டார். அருப்புக்கோட்டை வந்து, கூட்டம் இறங்கித் தீர்ந்து, வண்டி காலியான பிறகும் அவர் காலை அசைக்கவில்லை.